பந்தயம் கட்டுவது யார்? கடன் கட்டுவது யார்?

(கூட்டமைப்பின் மாதாந்திரக் கூட்டத்தில் களப் பணியாளர்கள் சார்பில் பேசியதன் எழுத்து வடிவம்)



வழக்கமாக இந்தக் கூட்டத்தில் சேமிப்பு, உள்கடன், வங்கிக் கடன் இணைப்பு, தணிக்கை என்றுதான் பேசுவோம். இன்றைக்கு கிரிக்கெட் பந்தயம் பற்றிப் பேசப் போகிறோம். இப்படிச் சொன்னதும் பின்வரிசையில் சிலர் சிரிப்பது தெரிகிறது. "அது ஆம்பளைங்க சமாச்சாரமாச்சே, நமக்கு எதுக்கு?" என்று கேட்கத் தோன்றும். கடந்த இரண்டு மூன்று வருடமாகக் குழுக்களைப் பார்வையிடப் போகும்போது எங்களுக்குத் தெரிய வந்த ஒரு விஷயத்தை முதலில் சொல்லிவிடுகிறோம். பந்தயம் கட்டுவது வீட்டு ஆண்களாகவோ, கல்லூரி போகும் பையனாகவோ இருக்கலாம். ஆனால் அந்தப் பணம் பல வீடுகளில் நம் குழுக் கடனில் இருந்து போகிறது. கையெழுத்துப் போட்டது நாம். தவணை கட்ட வேண்டியதும் நாம். அப்படியானால் இது நம் சமாச்சாரம்தானே?

ஊருக்குள் எப்படி வருகிறது?

முன்பெல்லாம் சீட்டாட்டம் என்றால் தோப்புக்குள்ளோ, கடற்கரையில் படகு மறைவிலோ உட்கார்ந்து ஆடுவார்கள். போலீஸ் வந்தால் ஓடுவார்கள். யார் ஆடுகிறார்கள் என்று ஊருக்கே தெரியும். இப்போது அப்படி இல்லை. கையில் இருக்கும் செல்போனில் எல்லாம் முடிந்துவிடுகிறது. பக்கத்தில் படுத்திருக்கும் மனைவிக்குக்கூடத் தெரியாது.

பையன்கள் "ஐ.டி. வாங்கியிருக்கேன்" என்று பேசிக்கொள்வதைக் கேட்டிருப்பீர்கள். வேலைக்குத் தரும் அடையாள அட்டை என்று நினைத்துவிடாதீர்கள். வாட்ஸ்அப்பில் ஒருவர் ஒரு பெயரும் ரகசிய எண்ணும் தருவார். பணம் அனுப்பினால் அந்தக் கணக்கில் 'காயின்' ஏறும். அந்தக் காயினை வைத்து எந்த அணி ஜெயிக்கும், அடுத்த ஓவரில் எத்தனை ரன், டாஸ் யாருக்கு என்று பந்தயம் கட்டுவார்கள். சில இடத்தில் கடனுக்கும் காயின் தருகிறார்கள். அங்கேதான் பெரிய ஆபத்து தொடங்குகிறது.

நம் கடற்கரைக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. ஐ.பி.எல். போட்டி எப்போது நடக்கிறது? மார்ச் கடைசியில் தொடங்கி மே கடைசி, ஜூன் முதல் வாரம் வரை போகிறது. மீன்பிடித் தடைக்காலம் எப்போது? ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள். விசைப்படகு எல்லாம் கரையில் கட்டிக் கிடக்கும். கடலுக்குப் போகிறவர்களுக்குத் தொழில் இல்லை. கையில் நேரம் இருக்கிறது, வருமானம் இல்லை, மனதில் கவலை இருக்கிறது. அந்த நேரம் பார்த்து தினம் சாயங்காலம் மேட்ச். "சும்மாதானே இருக்கோம், ஒரு ஐந்நூறு போட்டுப் பார்ப்போம்" என்று தோன்றுவது இப்படித்தான். தடைக்கால நிவாரணம் 5,000 ரூபாயில் இருந்து 8,000 ஆக உயரும் என்று 2023 ஆகஸ்டில் நம் மாவட்டத்தில் நடந்த மீனவர் மாநாட்டில்தான் அறிவித்தார்கள். அரிசிக்கும் பள்ளிக்கூடச் செலவுக்கும் என்று தரும் பணம் அது. அது ஒரே மேட்சில் போன வீடும் உண்டு.

ஐ.பி.எல். முடிந்தால் பந்தயமும் முடியும் என்று நினைக்க வேண்டாம். அந்தத் தளங்களில் உலகத்தில் எங்கே எந்த விளையாட்டு நடந்தாலும் பந்தயம் கட்டலாம். ஒரு கிராமத்தில் ஒரு தம்பி ரக்பி விளையாட்டில் 4,000 ரூபாய் விட்டிருந்தார். இங்கிலாந்து, ஸ்காட்லாந்து, வேல்ஸ், அயர்லாந்து, பிரான்ஸ், இத்தாலி என்று ஆறு நாட்டு அணிகள் வருடாவருடம் பிப்ரவரி, மார்ச்சில் ஆடும் சாம்பியன்ஷிப் போட்டி அது. "ரக்பின்னா என்ன தம்பி?" என்று கேட்டோம். "பந்து முட்டை மாதிரி நீளமா இருக்கும்க்கா, வேற ஒண்ணும் தெரியாது" என்றார். விளையாட்டே தெரியாமல் விளையாட்டில் பணம் போகிறது! அப்படியென்றால் இது விளையாட்டு ஆர்வமா, இல்லை பந்தய அடிமைத்தனமா? நீங்களே சொல்லுங்கள்.

இங்கிலாந்தில் பந்தயக் கடைகள் 1961 முதல் சட்டப்படியே நடக்கின்றன. ரக்பிக்கும், குதிரைக்கும், கால்பந்துக்கும் யாரும் கடைக்குப் போய்ப் பணம் கட்டலாம். அப்படிப்பட்ட நாட்டிலேயே 2020 ஏப்ரல் முதல் கிரெடிட் கார்டு வைத்துப் பந்தயம் கட்டத் தடை போட்டுவிட்டார்கள். கிரெடிட் கார்டு என்றால் வங்கி தரும் கடன். பந்தயத்தை அனுமதித்த அரசாங்கமே, கடன் வாங்கிக் கட்டினால் குடும்பம் தாங்காது என்று தெரிந்துகொண்டது. நம் வீட்டில் போவது யாருடைய பணம்? குழுக் கடன், நகைக் கடன், மீட்டர் வட்டி. எல்லாமே கடன்தான்.

ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம்

"சிலர் ஜெயிக்கிறாங்களே?" என்று கேட்பீர்கள். ஜெயிக்கிறார்கள், மறுக்கவில்லை. ஆனால் யார் பணத்தை யார் ஜெயிக்கிறார்கள் என்று பார்க்க வேண்டும். கணக்குப் புத்தகம் எழுதத் தெரிந்த நமக்கு இது கஷ்டமே இல்லை.

நம் குழுவில் பத்து பேர் என்று வைத்துக்கொள்வோம். ஐந்து பேர் சென்னை ஜெயிக்கும் என்று ஆளுக்கு 100 ரூபாய் கட்டுகிறார்கள். ஐந்து பேர் மும்பை ஜெயிக்கும் என்று ஆளுக்கு 100 கட்டுகிறார்கள். பந்தயம் நடத்தும் புக்கியின் கையில் 1,000 ரூபாய். ஜெயித்தால் 100க்கு 190 தருவேன் என்று சொல்லியிருக்கிறார். சென்னை ஜெயித்தது. ஐந்து பேருக்கு 190 வீதம் 950 ரூபாய் கொடுக்கிறார். மிச்சம் 50 ரூபாய் யாருக்கு? புக்கிக்கு. மும்பை ஜெயித்திருந்தாலும் அதே 50 அவருக்குத்தான். அவர் எந்த அணியையும் நம்பவில்லை. இரண்டு பக்கமும் ஆள் இருந்தால் போதும்.

குழுவில் உள்கடனுக்கு 100க்கு மாதம் 1 ரூபாயோ 2 ரூபாயோ வட்டி வைத்திருக்கிறோம். அந்த வட்டியும் வெளியே போவதில்லை, நம் குழுவிலேயே சேர்கிறது. இந்தப் புக்கி 100க்கு ஒரு ஆட்டத்துக்கு 5 ரூபாய் எடுக்கிறார். மாதத்துக்கு இல்லை, ஒரு ஆட்டத்துக்கு! அந்த 5 ரூபாய் ஊருக்குத் திரும்பி வருவதும் இல்லை.

இன்னும் கொஞ்சம் போவோம். ஒரு ஊரில் எல்லோருடைய பணமும் சேர்ந்து 1,00,000 ரூபாய் பந்தயத்தில் இருக்கிறது. ஜெயித்தவர் ஜெயித்ததை வைத்தே அடுத்த மேட்சுக்குக் கட்டுகிறார். ஒவ்வொரு ஆட்டத்திலும் நூற்றுக்கு 5 வெளியே போகிறது. பத்து ஆட்டம் முடிந்தால் ஊரில் மிச்சம் சுமார் 60,000. 2025 ஐ.பி.எல்.லில் மொத்தம் 74 ஆட்டம். 74 ஆட்டமும் இப்படியே சுற்றினால் ஊருக்கு மிஞ்சுவது சுமார் 2,250 ரூபாய். ஒரு லட்சம் ரூபாய் இரண்டாயிரத்துச் சொச்சம் ஆகிவிட்டது. நடுவில் "நான் பத்தாயிரம் அடிச்சேன்" என்று டீக்கடையில் சொன்னவரும் இந்தக் கணக்குக்குள்தான் இருக்கிறார்.

இதைப் பேங்க் மேனேஜரோ நாங்களோ சொல்லி நம்ப வேண்டாம். வீட்டுக்குப் போய்ப் பழைய நோட்டில் நீங்களே எழுதிப் பாருங்கள். பத்தாம் வகுப்பு படிக்கும் பிள்ளை இருந்தால் அவனை உட்கார வைத்துப் போடச் சொல்லுங்கள். அவனுக்கும் புரியட்டும்.

"அண்ணன் சொன்னா அப்படியே நடக்குது"

இன்னொரு ஏமாற்று வேலையும் நடக்கிறது. செல்போனில் ஒரு குரூப் இருக்கும். அதில் ஒருவர், "நாளைக்கு யார் ஜெயிப்பான்னு எனக்கு உள்ளுக்குள்ளே தகவல் வருது" என்பார். முதல் மேட்சுக்கு இலவசமாகவே சொல்வார், அப்படியே நடக்கும். இரண்டாவதும், மூன்றாவதும் நடக்கும். நாலாவது மேட்சுக்கு 2,000 ரூபாய் அனுப்பினால்தான் சொல்வேன் என்பார். மூன்று தடவை சரியாகச் சொன்னவரை நம்பாமல் இருக்க முடியுமா?

இது எப்படி நடக்கிறது என்று பாருங்கள். அவர் 800 பேருக்குத் தகவல் அனுப்புகிறார். 400 பேருக்கு சென்னை ஜெயிக்கும் என்றும், 400 பேருக்கு மும்பை ஜெயிக்கும் என்றும் அனுப்புகிறார். எது ஜெயித்தாலும் 400 பேருக்கு அவர் சொன்னது சரி. மற்ற 400 பேரை விட்டுவிடுகிறார். மிச்சம் இருக்கும் 400 பேரில் மறுபடி 200, 200. அடுத்து 100, 100. மூன்று மேட்ச் முடிந்ததும் 100 பேர், "அண்ணன் சொன்னா அப்படியே நடக்குது" என்று சத்தியம் செய்வார்கள். ஆளுக்கு 2,000 என்றால் அவருக்கு 2 லட்சம். நம் வீட்டுப் பையன் அந்த நூறு பேரில் ஒருவன்.

உள்ளுக்குள்ளே தகவல் என்று சொல்வதைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2013 ஐ.பி.எல்.லில் பந்தய ஊழல் வெளிவந்தது. விசாரணைக்குப் பிறகு 2015 ஜூலையில் நீதிபதி லோதா குழு சென்னை, ராஜஸ்தான் இரண்டு அணிகளையும் இரண்டு வருடத்துக்குத் தடை செய்தது. 2016, 2017 இரண்டு வருடமும் சென்னை அணி ஆடவில்லை என்பது உங்கள் வீட்டுப் பிள்ளைகளுக்குத் தெரியும். அணிக்குள் இருந்தவர்களே பந்தயத்தில் மாட்டிய விளையாட்டில், டி.வி. முன்னால் உட்கார்ந்திருக்கும் நம்மால் என்ன கணிக்க முடியும்?

அன்று லாட்டரி, இன்று செல்போன்

மூத்த உறுப்பினர்களுக்கு லாட்டரிச் சீட்டு ஞாபகம் இருக்கும். பஸ் ஸ்டாண்டில், டீக்கடை வாசலில் கயிறு கட்டித் தொங்கும். கூலி வாங்கியதும் நேரே அங்கே போவார்கள். அரிசி வாங்கக் காசு இருக்காது, சட்டைப் பையில் பத்து சீட்டு இருக்கும். 2003 ஜனவரியில் தமிழக அரசு லாட்டரி விற்பனையை அடியோடு தடை செய்தது. பல குடும்பங்கள் மூச்சு விட்டன.

செல்போன் பந்தயத்துக்கும் சட்டம் வந்திருக்கிறது. தமிழ்நாட்டில் 2020 நவம்பரில் அவசரச் சட்டம் வந்தது. பிறகு வந்த சட்டத்தை 2021 ஆகஸ்டில் சென்னை உயர்நீதிமன்றம் ரத்து செய்தது. ஓய்வு பெற்ற நீதிபதி சந்துரு தலைமையில் 2022ல் குழு அமைத்து, மறுபடி சட்டம் போட்டு, 2023 ஏப்ரலில் ஆளுநர் ஒப்புதல் கிடைத்தது. அந்தச் சட்டப்படி ஆன்லைன் சூதாட்டம் நடத்தினால் 3 வருடம் வரை சிறை அல்லது 10 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். ஆடினாலும் 3 மாதம் வரை சிறை அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் உண்டு. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றமும் ஒரு சட்டம் போட்டது. பணம் வைத்து ஆடும் ஆன்லைன் விளையாட்டு எதுவாக இருந்தாலும் நடத்தக் கூடாது, விளம்பரம் செய்யக் கூடாது, அதற்குப் பணம் அனுப்ப உதவக் கூடாது என்கிறது அந்தச் சட்டம். நடத்துபவருக்கு 3 வருடம் வரை சிறையும் 1 கோடி ரூபாய் வரை அபராதமும் உண்டு.

அந்தச் சட்டம் வந்ததும் பெரிய கம்பெனிகள் பணப் போட்டியை நிறுத்தின. ஆனால் வெளிநாட்டில் இருந்து நடத்துகிறவர்களும், வாட்ஸ்அப்பில் ஐ.டி. விற்கிறவர்களும் சட்டத்தைப் பார்த்துத் தொழில் செய்கிறவர்கள் இல்லை. சட்டம் வேலி மாதிரி. வேலி இருந்தாலும் ஆட்டைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும்.

நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டிய இன்னொரு சட்டம் மிகப் பழையது. 1872ஆம் வருடத்து இந்திய ஒப்பந்தச் சட்டம், 30வது பிரிவு. பந்தயத்தில் ஜெயித்த பணத்தைக் கேட்டு யாரும் கோர்ட்டுக்குப் போக முடியாது என்கிறது. அதாவது ஐ.டி. விற்றவர் வந்து, "உன் புருஷன் எனக்கு இவ்வளவு காயின் பாக்கி" என்று வாசலில் நின்று மிரட்டினால், அந்தப் பாக்கிக்குச் சட்டத்தில் மதிப்பு இல்லை. பயந்து தாலிக் கொடியைக் கழற்றித் தர வேண்டியதில்லை, புது வெற்றுப் பத்திரத்தில் கையெழுத்தும் போட வேண்டியதில்லை. ஆனால் பந்தயம் கட்டுவதற்காக வங்கியிலோ குழுவிலோ வேறொருவரிடமோ வாங்கிய கடன் வேறு. அதைக் கட்டித்தான் ஆக வேண்டும். இரண்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது. வேறொருவர் கொடுத்த கடனாக இருந்தாலும், மீட்டர் வட்டி, கந்துவட்டி என்று கறந்தால் 2003ஆம் வருடத்து கந்துவட்டித் தடைச் சட்டப்படி புகார் கொடுக்கலாம்.

ஒரு குழுவில் நடந்தது

பெயரும் ஊரும் சொல்லப் போவதில்லை. அந்தச் சகோதரியின் சம்மதத்தோடுதான் சொல்கிறோம்.

கருவாட்டு வியாபாரத்துக்கு என்று குழு மூலமாக 50,000 ரூபாய் வங்கிக் கடன் வாங்கினார். கணவர் விசைப்படகில் கூலிக்குப் போகிறவர். அது தடைக்காலம். 12,000 ரூபாய்க்குச் சரக்கு எடுத்தார். மீதிப் பணம் வங்கிக் கணக்கில் இருந்தது. போனும் பின் நம்பரும் கணவரிடம். முதல் நாள் 500 கட்டி 950 வந்திருக்கிறது. அந்தச் சந்தோஷத்தில் 2,000, பிறகு 5,000. போனதும் "விட்டதைப் பிடிக்கணும்" என்ற வெறி. மூன்று வாரத்தில் 38,000 ரூபாயும் காலி. இதைச் சரிக்கட்ட வெளியே 15,000 ரூபாய் மீட்டர் வட்டிக்கு வாங்கினார்கள். ஐ.டி. கொடுத்தவருக்கு 6,000 பாக்கி. தோடு அடகுக்குப் போனது.

சகோதரி யாரிடமும் சொல்லவில்லை. கூட்டத்துக்கு வருவதை நிறுத்தினார். உடம்பு சரியில்லை என்றார், மகள் வீட்டுக்குப் போனேன் என்றார். நாலு தவணை கட்டவில்லை. வங்கியில் இருந்து ஊக்குநருக்குப் போன் வந்த பிறகுதான் விஷயம் வெளியே வந்தது.

அன்றைய கூட்டத்தில் ஒரே சத்தம். "அவளைக் குழுவை விட்டு நீக்குங்க", "நாங்க எதுக்கு அவ புருஷன் ஆட்டத்துக்குப் பணம் கட்டணும்?" கோபம் நியாயமானதுதான். ஒருவர் கட்டாவிட்டால் குழு முழுவதற்கும் அடுத்த கடன் கிடைக்காது. அப்போது குழுவின் மூத்த உறுப்பினர் ஒருவர், "நீக்கிட்டா கடன் போயிருமா? அவ போயிருவா, கடன் நம்ம தலையில இருக்கும். உட்கார்ந்து எழுதுங்கடி முதல்ல" என்றார்.

எழுதினார்கள். யாருக்கு எவ்வளவு, என்ன வட்டி, எது முதலில் கட்ட வேண்டியது என்று எல்லாவற்றையும் எழுதினார்கள். ஐ.டி. விற்றவரின் 6,000 ரூபாயை அடித்துவிட்டார்கள். ஐந்து பேர் சேர்ந்து போய் அவரிடம், "இதுக்கு மேல வாசலுக்கு வந்தா நேரா ஸ்டேஷன்தான்" என்று சொன்னதும் அவர் பிறகு வரவில்லை. மீட்டர் வட்டிக் கடன்தான் தினமும் ஏறுவது என்பதால், குழு 15,000 உள்கடன் கொடுத்தது. பணத்தைச் சகோதரி கையில் தரவில்லை. ஊக்குநரும் பிரதிநிதியும் கூடவே போய் நேரில் கட்டி, எழுதிக் கொடுத்த பத்திரத்தை வாங்கி வந்தார்கள். கணவரையும் கூப்பிட்டுப் பேசினார்கள். அவர் சம்மதித்து, படகுக் கூலியில் பாதியை உரிமையாளர் நேராக மனைவி கையில் கொடுப்பது என்று ஏற்பாடானது.

எல்லாம் சுபம் என்று சொல்ல மாட்டோம். அடுத்த வருடத் தடைக்காலத்தில் கணவர் மறுபடி 1,200 ரூபாய் விட்டார். ஆனால் இந்த முறை சகோதரி அடுத்த வாரமே கூட்டத்தில் வந்து சொன்னார். 38,000 ஆகும் வரை காத்திருக்கவில்லை. கடன் இன்னும் முழுசாக முடியவில்லை, தோடும் இன்னும் வரவில்லை. ஆனால் தவணை தவறுவதில்லை. கூட்டத்துக்கு ஒரு வாரமும் வராமல் இருப்பதில்லை.

பாஸ்புக்கை வாடகைக்கு விடாதீர்கள்

இன்னொரு ஆபத்தையும் எச்சரிக்கிறோம். "அக்கா, உங்க பேங்க் அக்கவுண்ட்டை ரெண்டு மாசத்துக்குக் குடுங்க, மூவாயிரம் தர்றேன்" என்று சிலர் கேட்டு வருகிறார்கள். பாஸ்புக், ஏ.டி.எம். கார்டு, உங்கள் பெயரில் ஒரு சிம் கார்டு, இதுதான் அவர்களுக்கு வேண்டும். பந்தயப் பணமும் மோசடிப் பணமும் இப்படி அடுத்தவர் கணக்கு வழியாகத்தான் சுற்றி வருகிறது.

பணத்தை இழந்த யாரோ எங்கோ வேறு மாநிலத்தில் புகார் கொடுப்பார். அந்தப் பணம் உங்கள் கணக்கு வழியாகப் போயிருந்தால், கணக்கை முடக்கிவிடுவார்கள். முதியோர் பென்ஷன், அரசு உதவித் தொகை, கூலி, குழுக் கடன் எதுவும் எடுக்க முடியாது. விசாரணையில் கேட்கப்படும் பெயரும் உங்கள் பெயர்தான். மூவாயிரம் ரூபாய்க்கு இது தேவையா? யார் கேட்டாலும், சொந்தத் தம்பி மகனே கேட்டாலும் கொடுக்காதீர்கள்.

பணம் ஏமாந்துவிட்டால் உடனே 1930 என்ற எண்ணுக்குப் போன் செய்யுங்கள். சைபர் குற்றத்துக்கான எண் அது. எவ்வளவு சீக்கிரம் சொல்கிறோமோ அவ்வளவு நல்லது. ஞாபகம் வைத்துக்கொள்ள ஒரு வழி சொல்கிறோம். நம் மாநிலத்தின் பழைய சூதாட்டத் தடுப்புச் சட்டம் வந்த வருடமும் 1930தான்.

நம் குழுவில் என்ன செய்யலாம்?

1. கடன் கொடுத்ததோடு வேலை முடிந்தது என்று இருக்கக் கூடாது. கடன் கொடுத்த ஒரு மாதத்துக்குள் இரண்டு உறுப்பினர்கள் போய்ப் பார்க்க வேண்டும். ஆடு வாங்கக் கடன் என்றால் ஆடு இருக்க வேண்டும், கருவாடு என்றால் சரக்கு இருக்க வேண்டும். இது சந்தேகப்படுவது ஆகாது. எல்லோருக்கும் ஒரே மாதிரி செய்தால் யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள். தலைவியின் வீட்டில் இருந்தே தொடங்குங்கள்.

2. பெரிய தொகையை ஒரே தடவையில் வாங்கிக் கணக்கில் போட்டு வைக்காதீர்கள். தொழிலுக்குத் தேவையானதை மட்டும் தேவைப்படும்போது எடுங்கள். முக்கியமாக ஏப்ரல், மே மாதத்தில் கவனம் தேவை.

3. உங்கள் கணக்கின் பின் நம்பரும், போனில் வரும் ஓ.டி.பி. எண்ணும் உங்களுக்கு மட்டும்தான். "எனக்குப் படிக்கத் தெரியாது, அவர்தான் பார்ப்பார்" என்று சொல்லாதீர்கள். நாலு எண்ணைத் தனியாகப் போடக் கற்றுக்கொள்ள அரை மணி நேரம் போதும். எந்தக் குழு கேட்டாலும் நாங்கள் வந்து கற்றுத் தருகிறோம்.

4. தடைக்காலத்துக்கு முன்பே திட்டமிடுங்கள். ஆடி, ஆவணியில் இருந்தே வாரம் 50 ரூபாய் தனியாகச் சேமித்தால் தடைக்காலத்தில் வெளியே கை நீட்ட வேண்டாம். மீனவ மகளிர் சேமிப்பு நிவாரணத் திட்டத்தில் 1,500 ரூபாய் நாம் சேமித்தால் அரசின் பங்கோடு 4,500 ஆகத் திரும்பி வருகிறது. மீனவ மகளிர் கூட்டுறவுச் சங்கத்தில் இல்லாத மீனவப் பெண்கள் விசாரித்துச் சேருங்கள். நூறு ரூபாய் போட்டு முந்நூறு வரும் இடம் இது. எந்தப் புக்கியும் இப்படித் தர மாட்டார்.

5. ஒரு கடனை அடைக்க ரகசியமாக இன்னொரு கடன் வாங்காதீர்கள். முதல் தவணை தவறும்போதே குழுவில் சொல்லுங்கள். குழுவும் அந்தச் சகோதரியை அசிங்கப்படுத்தக் கூடாது. கூட்டத்தில் கேவலப்படுத்தினால் அடுத்தவர் சொல்ல மாட்டார், மறைப்பார். மறைக்க மறைக்கக் கடன்தான் வளரும்.

6. 14, 15 வயதுப் பிள்ளைகளிடம் இந்தக் கணக்கைச் சொல்லுங்கள். அடிப்பதாலோ போனைப் பிடுங்குவதாலோ மட்டும் சரியாகாது. 100 கட்டி 190 வாங்கும் கணக்கைப் போட்டுக் காட்டுங்கள்.

7. விட முடியாமல் தவிக்கிறவருக்கு அது நோய். சூதாட்ட அடிமைத்தனத்தை உலக சுகாதார நிறுவனமே நோய்ப் பட்டியலில் வைத்திருக்கிறது. கோயிலுக்கோ தர்காவுக்கோ, மாதா கோவிலுக்கோ போய் வேண்டிக்கொள்ளுங்கள், கூடவே அரசு ஆஸ்பத்திரி மனநல மருத்துவரிடமும் கூட்டிப் போங்கள். 14416 என்ற இலவச மனநல ஆலோசனை எண்ணில் தமிழிலேயே பேசலாம். யாராவது "நான் இருந்து என்ன பிரயோஜனம்" என்ற மாதிரி பேசினால் அதைச் சும்மா விடாதீர்கள். அவரைத் தனியாக விடாமல், அன்றைக்கே அந்த எண்ணுக்குப் போன் போடுங்கள். வீட்டில் அடி உதை என்றால் 181.

நம்மால் முடியுமா?

"இதெல்லாம் பேச நல்லாயிருக்கு, ஆம்பளைங்க கேப்பாங்களா?" என்று கேட்பீர்கள். ஒன்றை நினைத்துப் பாருங்கள். மன்னார் வளைகுடாவில் கடல்பாசி எடுக்கும் நம் பெண்கள், மாதத்தில் இத்தனை நாள்தான் பாசி எடுப்போம், இனப்பெருக்க காலத்தில் எடுக்க மாட்டோம் என்று தாங்களே கட்டுப்பாடு போட்டுக்கொண்டார்கள். அன்றாடக் கூலியை விட்டுக்கொடுத்துப் போட்ட கட்டுப்பாடு அது. அந்தப் பெண்களை வழிநடத்திய சின்னப்பாலம் சகோதரிக்கு 2015ல் அமெரிக்காவின் சீகாலஜி அமைப்பு விருது கொடுத்தது. கடலுக்கே கட்டுப்பாடு போட்ட பெண்களால் ஒரு கணக்குப் புத்தகத்துக்குக் கட்டுப்பாடு போட முடியாதா?

ஆண்கள் எல்லோரும் நமக்கு எதிரி என்று நாங்கள் சொல்லவில்லை. நடுக்கடலில் உயிரைக் கொடுத்துச் சம்பாதிக்கிறவர்கள் அவர்கள். நம் எதிரி, அந்தச் சம்பாத்தியத்தை உட்கார்ந்த இடத்தில் நூற்றுக்கு ஐந்தாக உறிஞ்சுகிறவர். வீட்டில் சண்டை போடாமல், மேட்ச் இல்லாத நேரமாகப் பார்த்து, கணக்கைக் காட்டிப் பேசுங்கள்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். அடுத்த வாரக் கூட்டத்தில் ஒவ்வொரு குழுவும் தீர்மானப் புத்தகத்தில் இரண்டு வரி எழுதுங்கள். "எங்கள் குழுக் கடன் பந்தயத்துக்குப் போகாது. தவணை தவறும் சகோதரி முதலில் எங்களிடம் சொல்வார், நாங்கள் அவரைத் திட்டாமல் கேட்போம்." எல்லோரும் கையெழுத்துப் போடுங்கள், கைநாட்டு வைக்கிறவர்கள் கைநாட்டு வையுங்கள். அடுத்த மாதம் பார்வையிட வரும்போது அந்தப் பக்கத்தை முதலில் பார்ப்போம்.

சிந்திப்போம், பேசுவோம், குழுவாக நிற்போம்.